எடைக்கல்லுக்கு அடியில் மாறிய சீட்டு

அறுபதுகளின் தொடக்கத்தில், சிவகாசிக்கும் விஸ்வநத்தத்துக்கும் நடுவே இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம். லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்க, உள்ளே எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது இது.

எனக்கு இருபத்துமூன்று வயது. மல்லாங்கிணற்றில் எங்கள் தெருவின் முதல் பி.ஏ. நான்தான். படித்தது சரித்திரம். பானிப்பட் யுத்தங்கள் மூன்றையும் வருடத்தோடு சொல்வேன். கம்பெனியில் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது, எந்த ஷெட்டுக்கு என்ன சாமான் போகலாம், என்ன போகக் கூடாது என்று பார்த்து அனுப்ப ஒரு ஆள். குழாய் உருட்டும் ஷெட்டுக்குக் காகிதமும், பசை காய்ச்ச மைதாவும் போகலாம். வெடிமருந்தில் சேரும் வெள்ளைத் தூளான குளோரேட் போகக் கூடாது. அது மருந்து கலக்கும் ஷெட்டுக்கு மட்டும். கந்தகத்தோடு சேர்த்து லேசாக உரசினாலே போதும், ஷெட் இருந்த இடத்தில் வானம் தெரியும்.

சாமான் வேண்டுமென்றால் ஷெட்டில் சீட்டு எழுதுவார்கள். வெற்றுச் சீட்டுப் புத்தகம் எல்லா ஷெட்டிலும் கிடக்கும். மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் அதற்கு உயிர். கையெழுத்துப் போட்ட சீட்டோடு ஸ்டோர் ஜன்னலுக்கு வர வேண்டும். உள்ளே எடை போட்டுக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘தராசு அண்ணாச்சி’. முப்பத்தைந்து வயதிருக்கும், சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம், இரண்டு பெண் பிள்ளைகள். குளோரேட் அறைச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நான் வருவதற்கு முன்னால் அவர் ஒவ்வொரு சீட்டையும் கையில் வாங்கி, கிளார்க்கின் முகத்துக்கு நேரே நீட்டி, “குடுக்கலாமா?” என்று கேட்டு, சரி என்ற பிறகு அதே சீட்டைக் கையில் பிடித்தபடியே உள்ளே போய் எடை போட்டு வருவாராம். இது எனக்குக் கற்காலமாகத் தெரிந்தது.

விருதுநகர் நூலகத்திலிருந்து அலுவலக நிர்வாகம் பற்றிய ஒரு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து இரண்டு முறை படித்திருந்தேன். ஒரு முறை புரிந்தது. அந்த ஒரு முறையை வைத்துக்கொண்டு சீர்திருத்தத்தில் இறங்கினேன். இனி சீட்டைப் பார்ப்பது என் வேலை. எடை போடுவது அவர் வேலை. நான் சீட்டையும் கையெழுத்தையும் பார்த்து, ஜன்னல் பலகையில் வைத்து, அதன்மேல் ஒரு பித்தளைக் கல்லை வைப்பேன். கிலோ வந்த பிறகு வேலையிழந்து கிடந்த பழைய சேர் எடைக்கல் அது. கல் இருந்தால் என் சம்மதம் என்று அர்த்தம். நான் ரெஜிஸ்டரில் எழுதத் திரும்பிவிடுவேன். அண்ணாச்சி உள்ளறையிலிருந்து வந்து, கல்லுக்கு அடியில் இருக்கும் சீட்டை எடுத்துப் படித்து, அதில் உள்ளதைக் கொண்டுவந்து கொடுப்பார். சாமானை வாங்கியவரே சீட்டையும் வாங்கி, ஜன்னலுக்கு வெளியே தொங்கும் கம்பியில் குத்திவிட்டுப் போக வேண்டும். வாங்கியதற்கு அதுவே சாட்சி.

“நான் எதையும் கேக்க வேண்டாமா தம்பி?” என்றார் அண்ணாச்சி.

“கேட்டா லைன் நிக்கும் அண்ணாச்சி. கேக்குறது என் பொறுப்பு” என்றேன். என் குரலில் இருந்த கம்பீரம் எனக்கே பிடித்திருந்தது.

லைன் பாதியாகக் குறைந்தது. முதலாளியே ஒரு நாள் வந்து ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, பி.ஏ.வும் வேலை செய்யுதே” என்றார். இதை அப்படியே வீட்டுக்குக் கடிதமாக எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து, காலை பத்து மணி இருக்கும். குழாய் ஷெட்டுக்குப் பசை காய்ச்சும் அக்கா, இடுப்பில் ஒரு பானையோடு என் ஜன்னலுக்கு வந்தார். அவர் பேசினால் விஸ்வநத்தத்தில் கேட்கும்.

“கிளார்க்கய்யா, இது என்ன மாவு? அரை மணி நேரமாக் கிண்டுறேன், தண்ணியாவே நிக்குது. பிள்ளைக அம்புட்டும் குழாய் உருட்டாம உக்காந்திருக்காளுக!”

அப்போது கோதுமை அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. பழியை அந்த நாட்டின் மேல் போட்டேன். அங்கே விளையும் கோதுமையில் பிசுபிசுப்பு எப்படிக் குறைவு, நம்முடைய சம்பாக் கோதுமையில் எப்படி அதிகம் என்று ஒரு சிறிய சொற்பொழிவு. நான் இரண்டையும் வயலில் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு வந்த அண்ணாச்சி பானையை எட்டிப் பார்த்தார். அடியில் கரையாமல் கிடந்த வெள்ளைப் பரல்களைப் பார்த்தார். அக்காவின் சேலை முந்தியில் படிந்திருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“அக்கா, அடுப்ப அணைச்சிட்டீகளா?”

“எதுக்கு அணைக்கணும்? மறுபடி காய்ச்ச வேண்டாமா?”

 அண்ணாச்சி ஓரத்தில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி அக்காவின் தலையோடு கவிழ்த்தார். அடுத்த வாளியோடு பசை அடுப்பை நோக்கி ஓடினார். நனைந்து நின்ற அக்கா, அவருடைய மூன்று தலைமுறையையும் வரிசையாகக் கூப்பிட்டு விசாரித்தார். நானும் பின்னால் ஓடினேன். அடுப்பைச் சுற்றித் தரையெல்லாம் வெள்ளையாகச் சிதறியிருந்தது. பக்கத்தில் ஒரு டின், பாதி காலி. அது மைதா இல்லை. குளோரேட்.

விறகிலிருந்து ஒரு பொறி தெறித்து அந்த முந்தியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விஷயம் புரிந்ததும் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

டின் எங்கே கிடைத்தது என்று கேட்டோம். குழாய் ஷெட்டில், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் இருந்ததாம். வெள்ளையாக இருக்கிறது, நம் ஷெட்டில் இருக்கிறது, மைதாதான் என்று எடுத்திருக்கிறார்.

மத்தியானம் ஆபீஸ் வராந்தாவில் விசாரணை. முதலாளி நாற்காலியில், மேனேஜர் பக்கத்தில். குழாய் ஷெட் மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேலைக்கு அஞ்சாத ஆள், சீசனில் வீட்டுக்கே போக மாட்டார் என்று பெயர்.

“நேத்து அஞ்சு கிலோ மைதாவுக்குச் சீட்டுக் குடுத்தேன் மொதலாளி. தராசுல நின்னவரு இதக் குடுத்திருக்காரு. நான் தொறந்து பாக்கல” என்றார் மேஸ்திரி.

கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளைக் கொண்டுவந்து பார்த்தார்கள். குழாய் ஷெட், மைதா ஐந்து கிலோ, மேனேஜர் கையெழுத்து. ரெஜிஸ்டரில் என் முத்து முத்தான எழுத்திலும் அதேதான்.

முதலாளி அண்ணாச்சியைப் பார்த்தார்.

“சீட்டுல குளோரேட்டுன்னுதான் மொதலாளி இருந்துச்சு. தம்பி கல்லு வச்ச சீட்டு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன், குடுத்தேன்.”

“குழாய் ஷெட்டுக்குக் குளோரேட் எதுக்குன்னு கேக்க வேண்டாமாலே?”

“கேட்டா லைன் நிக்கும்னு சொல்லியிருக்காக.”

யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி முதலாளி கேட்டார்: “ஏ பி.ஏ., நீ பாத்த சீட்டுல என்ன இருந்துச்சு?”

“மைதா, ஐயா.”

உண்மையைத்தான் சொன்னேன். அந்த உண்மையோடு விசாரணை முடிந்தது. மனிதர் தப்பாகப் படித்துத் தப்பாகக் கொடுத்திருக்கிறார், ஒரு உயிர் போயிருக்கும், நாளைக்குப் போலீசில் சொல்வோம், இப்போது வீட்டுக்குப் போகட்டும் என்றார் முதலாளி. போலீஸ் கிடக்கட்டும். குளோரேட்டை மாற்றிக் கொடுத்தவன் என்று ஒரு பேச்சு கிளம்பினால், சாத்தூரிலிருந்து சிவகாசி வரை எந்தக் கம்பெனி வாசலும் அவருக்குத் திறக்காது. தீப்பெட்டி ஆபீசில்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

சாவியைக் கழற்றி மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போகும் வழியில் என் ஜன்னலில் நின்றார்.

“தம்பி, நீங்க பாத்தது மைதாச் சீட்டுதானா?”

“ஆமா அண்ணாச்சி.”

“நல்லாப் பாத்தீகளா?”

“பாத்தேன்.”

தலையை ஆட்டிக்கொண்டே போனார். அன்றைக்கு என் மனதில் என்ன இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக, ரெஜிஸ்டரும் கம்பியும் ஒன்றோடொன்று அட்சரம் பிசகாமல் ஒத்துப்போனதில் பெருமையாக இருந்தது. என் ஏற்பாடு ஒரு விசாரணையையே தாங்கிவிட்டதே!

மறுநாள் காலையில், எடை போட வேறு ஒருவரை நிறுத்தியிருந்தார்கள்; பசை காய்ச்சும் அக்கா மைதாச் சீட்டோடு வந்தார். வாங்கிப் பார்த்தேன். ஐந்து கிலோ, கையெழுத்து சரி. பலகையில் வைத்தேன், கல்லை வைத்தேன், ரெஜிஸ்டருக்குத் திரும்பினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அக்காவின் கை கல்லின் மேல் இருந்தது.

“கல்லைத் தொடக் கூடாதுன்னு தெரியாதா?”

“சும்மா கத்தாதீக. தப்பான சீட்டத் தந்துட்டேன். மேனேஜரய்யா அஞ்ச ஆறாக்கி வேற சீட்டுத் தந்தாக. ரெண்டும் மடியில கெடந்துச்சு. அதான் மாத்தி வச்சேன்.”

“எப்ப மாத்தினீங்க?”

“நீங்க அந்தப் பக்கம் குனிஞ்சு எழுதுனீகல்ல, அப்பத்தான்.”

கல்லைத் தூக்கிப் பார்த்தேன். என் சம்மதத்துக்கு அடியில், என் கண் இதுவரை பார்த்திராத ஒரு சீட்டு நிம்மதியாகப் படுத்திருந்தது.

நான் பார்த்தது ஒரு சீட்டு. அண்ணாச்சி எடுப்பது ‘கல்லுக்கு அடியில் உள்ள சீட்டு’. இரண்டும் ஒன்றுதான் என்று அந்த ஆங்கிலப் புத்தகமும் நானும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். நடுவில் இருந்த இரண்டு நிமிடத்துக்கு ஜன்னலில் யாருமே காவல் இல்லை. கையெழுத்தே இல்லாத ஒரு சீட்டை வைத்தாலும் அண்ணாச்சிக்குத் தெரியாது. கையெழுத்தைப் பார்ப்பது அவர் வேலை இல்லை என்று சொன்னவன் நான். சாமானை வாங்கிக்கொண்டு, பழைய மைதாச் சீட்டைக் கம்பியில் குத்திவிட்டால் தீர்ந்தது. குத்தும் உரிமையையும் அவர்களுக்கே கொடுத்திருந்தேன். குளோரேட்டைத் தொடவே அனுமதியில்லாத ஒருவர், மேனேஜருக்கு உள்ள அதிகாரத்தோடு அதை வாங்கிப் போகலாம். ரெஜிஸ்டர் சுத்தமாக இருக்கும்.

“ஏன் அய்யா மூஞ்சி இப்பிடிப் போகுது? ஒரு கிலோதான கூட?” என்றார் அக்கா.

சொன்னேன். எனக்கு ஒரு வாரமாகப் புரியாதது அவருக்கு உடனே புரிந்தது.

“அப்ப அந்த மனுசன் சரியாத்தான் படிச்சிருக்காரு. அவர வீட்டுக்கு அனுப்பிட்டு நீங்க இங்கன உக்காந்து கல்லு வைக்கிறீகளாக்கும்?”

ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நாளையிலிருந்து சீட்டை என் மேஜைக்குள் வைத்துக்கொண்டால் ஓட்டையும் அடைந்துவிடும், பி.ஏ.வின் பெயரும் பிழைத்துவிடும். இந்த யோசனை எனக்கு வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. அக்கா முறைத்துக்கொண்டு நின்றதால் அதிக நேரம் தங்கவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். போலீசுக்கான கடிதம் அவர் மேஜையில் எழுதித் தயாராக இருந்தது. அவர் நம்பவில்லை.

“எடை போடுறவன் ஏமாறுறதுன்னா அவன் கவனம் கெட்டவன். நானே தராசுல நிக்கிறேன். என்னை ஏமாத்து பாப்போம்.”

“நீங்க வழக்கம்போலச் செய்ங்க ஐயா. கல்லுக்கு அடியில என்ன இருக்கோ அதை எடுத்துப் படிச்சு, அதைக் கொடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

மேனேஜரை என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அவரே மைதா ஐந்து கிலோவுக்கு ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுத்தார். கையெழுத்தில்லாத இன்னொரு சீட்டை நான் எழுதி முன்பே அக்காவின் மடியில் சேர்த்திருந்தேன். செய்தி பரவி, லைனில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அக்கா சீட்டை நீட்டினார். நான் படித்து, மேனேஜரிடமும் காட்டி, பலகையில் வைத்துக் கல்லை வைத்துவிட்டு எழுதக் குனிந்தேன். மேனேஜரும் நான் எழுதுவதையே குனிந்து பார்த்தார். மனிதர்கள் எழுதுகிற கையைத்தான் பார்ப்பார்கள்.

முதலாளி வந்தார். சீட்டை எடுத்தார். உள்ளே போனார். சாவிக்கொத்துச் சத்தம், தட்டுச் சத்தம். டின்னைக் கொண்டுவந்து பலகையில் வைத்துச் சீட்டையும் கொடுத்தார். அக்கா ஒரு சீட்டைக் கம்பியில் குத்திவிட்டு டின்னின் மூடியைத் திறந்தார்.

மேனேஜர் எட்டிப் பார்த்துப் பதறிப்போனார். “அய்யா! மைதா கேட்டா குளோரேட்டக் குடுத்திருக்கீகளே! தப்பாப் படிச்சிட்டீக!”

“யோவ், சீட்டுல குளோரேட்டுன்னுதான்யா இருந்துச்சு!” என்று கத்தினார் முதலாளி.

கத்தியவர் அப்படியே நின்றுவிட்டார். நேற்று வராந்தாவில் கேட்ட அதே வார்த்தை தன் வாயிலிருந்து வந்தது அவர் காதிலும் விழுந்துவிட்டது. மேனேஜர் கம்பியைப் பார்த்தார். மைதாச் சீட்டு. என் ரெஜிஸ்டரைப் பார்த்தார். மைதா. 

“மொதலாளி,” என்றார் அக்கா, மிகவும் மரியாதையாக, “நீங்களும் துண்ட ஒதறிட்டு வீட்டுக்குக் கெளம்புங்க.”

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்தது முதலாளி. நான் சிரிக்கவில்லை. முப்பது பேர் முன்னால் எழுந்து நின்று, இந்தக் கல்லை வைத்தவன் நான், கேள்வி கேட்காதே என்று அண்ணாச்சியைத் தடுத்தவனும் நான், அவர் படித்ததில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்று சொன்னேன்.  

“அப்ப ஒன்னையத்தான்லே நிப்பாட்டணும்” என்றார் முதலாளி. பிறகு கடிதத்தைக் கிழித்துவிட்டு, “மொதல்ல வண்டிய எடுத்துக்கிட்டுப் போய் அவரக் கூட்டிட்டு வா” என்றார்.

நான் கிளம்புவதற்குள் குழாய் ஷெட்டுக்குப் பின்னால் தேடிய ஆட்கள் திருட்டுத்தனமாக மருந்து கலக்க வைத்திருந்த ஒரு பாயும் சல்லடையும் கொஞ்சம் கந்தகமும் எடுத்து வந்தார்கள். மேஸ்திரி மறுக்கவில்லை. “கலவை ஷெட்டுல இருந்து மருந்து வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தா லோடு எப்பப் போறது? கம்பெனிக்காகத்தான் செஞ்சேன்” என்றார். அதை அவர் நம்பித்தான் சொன்னார். அவருக்குக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். போகும்போது அண்ணாச்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாத்தூர்ப் பக்கத்து அந்தக் கிராமத்தில், அண்ணாச்சி வீட்டுக் கூரைக்குக் கீற்று மாற்றிக்கொண்டிருந்தார். ஏணியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

“நீங்க பொய் சொல்லலையே தம்பி,” என்றார் அவர். “அதான் எனக்குப் பயமாப் போச்சு. பொய்யின்னா என்னிக்காவது ஒடஞ்சிரும்னு இருப்பேன். நீங்க பாத்தத அப்பிடியே சொன்னீக. ராத்திரி முழுக்க, நாந்தான் தப்பாப் படிச்சிட்டேனோன்னு என் கண்ணையே சந்தேகப்பட்டேன்.”

கீழே இறங்கி, கையைக் கழுவிவிட்டு, மகளைக் கூப்பிட்டு எனக்குக் கருப்பட்டிக் காப்பி போடச் சொன்னார்.

அன்று மாலையே பழைய முறை திரும்பியது. சீட்டை அண்ணாச்சி கையில் வாங்குவார், உரக்கப் படிப்பார், என் முகத்துக்கு நேரே பிடிப்பார், நான் கையெழுத்தைப் பார்த்துச் சரி என்பேன். சாமான் கைமாறி, அவரே கம்பியில் குத்தும் வரை சீட்டு அவர் விரலை விட்டு நகராது. லைன் மறுபடி நீண்டது. “பி.ஏ. ஃபெயிலாப் போச்சுடோய்” என்று லைனில் கேலி செய்தார்கள். நான் அந்தக் கம்பெனியில் இருந்த மீதி வருடங்களில் ஒரு டின் தப்பாகப் போகவில்லை. என் பட்டத்தைவிட அந்தத் தோல்வியைத்தான் நான் அதிகம் சொல்லிக்கொள்வேன்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன மாதம் விடுமுறைக்கு வந்தவள் அங்கே தான் கண்டுபிடித்த ஒரு கோளாறைப் பற்றிச் சொன்னாள். கம்ப்யூட்டரை நடத்தும் மூல ஏற்பாட்டுக்குள் சில வேலைக்காரப் புரோகிராம்கள் உண்டாம். அவற்றுக்கு எல்லா அதிகாரமும் உண்டாம். சாதாரண ஆள் ஒரு ஃபைலின் பெயரைக் கொடுத்தால், இவன் இதைத் தொடலாமா என்று அந்தப் புரோகிராம் முதலில் பார்க்கும். பிறகு திறக்கும். பார்ப்பதற்கும் திறப்பதற்கும் நடுவில், கண் இமைப்பதிலும் சின்ன இடைவெளியில், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஃபைலை ஒருவன் மாற்றி வைத்துவிட்டால், சாதாரண ஆளுக்கு எஜமானின் அதிகாரம் கிடைத்துவிடும். ரேஸ் கண்டிஷன் என்று அதற்குப் பெயராம். பெரிய பெரிய படிப்பாளிகள் எழுதியதிலேயே இருக்கிறதாம்.

“முதல்ல கையில எடுத்துக்கிட்டு, அப்புறம் கையில இருக்கிறதையே பாத்தா என்ன?” என்று கேட்டேன்.

அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்பா, அதைத்தான் நாங்க மூணு வாரம் உக்காந்து செஞ்சோம். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

முதலில் திறந்து பிடித்துக்கொண்டு, பிடித்ததையே சோதிக்க வேண்டுமாம். அன்று முழுக்க நான் வீட்டில் நடந்த நடையைச் சகிக்க முடியவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் அந்தப் பெருமை பாதி பசை காய்ச்சும் அக்காவுடையது, மீதி அண்ணாச்சியுடையது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் உண்டு. பார்த்ததை நான் சரியாகத்தான் பார்த்தேன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்பிய நான், மறுநாளே முப்பது பேர் முன்னால் எழுந்து, நான் பார்த்தது உண்மை, ஆனால் நடந்தது அது இல்லை என்று சொன்னேன். வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வாக்கியத்தை நான் இன்றுவரை சொன்னதில்லை.